போட்டு வாங்கோ

பக்கத்துக் கட்டில் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் காற்று மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தலையணையில் தொடங்கி, முதுகின் அகலத்துக்கு விரிந்து, தொடையோடு முடிந்துபோன பள்ளம்.

செந்தூரன் அதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு விதமாகப் பார்க்க அவனுக்கு வழியில்லை. எட்டு மாதத்துக்கு முன், உடுப்பிட்டியில் மோட்டார் சைக்கிள் ஒரு மதிலோடு மோதிய அன்றிலிருந்து, கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் அவனுக்கு அந்நியம். மிஞ்சியது முகமும் குரலும். மருந்து கைவிட்டவர்களை நோவில்லாமல் வைத்துப் பார்க்கும் இந்த இணுவில் வீட்டில், அந்தக் குரல்தான் அவனுக்குக் கையும் காலும். தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். மூக்கில் ஈ இருந்தாலும் கூப்பிட வேண்டும்.

அந்தக் கட்டில் சிமியோன் அப்புவினுடையது. எழுபத்தொரு வயதில், ரயில் கடவையில் இரண்டு காலையும் தொடையோடு கொடுத்தவர்.

"கால் ரெண்டும் ரயிலிலை தொத்திக்கொண்டு, டிக்கெட் இல்லாமல் காங்கேசன்துறைக்குப் போட்டுது மோனை. கடற்காத்து வாங்கிப்போட்டு வரட்டும் எண்டு விட்டிட்டன்," என்பார், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். புண்ணுக்குத் துணி மாற்றும்போது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவார். ஒருநாள் செந்தூரனின் பாதங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"உன்னட்டைக் கால் இருக்கு, ஓட்டத் தெரியேல்லை. எனக்கு ஓட்டத் தெரியும், கால் இல்லை. கடவுள் பங்கு பிரிச்ச வடிவைப் பார்!"

செவ்வாய்க்கிழமை அவருக்கு மூச்சு இழுத்தது. தாதி ஜெயனி குனிந்து, "சமாதானமாய்ப் போங்கோ அப்பு," என்றாள். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு வாசற் படலையிலும் 'போறன்' என்று சொல்லி யாரும் போவதில்லை. 'போங்கோ' என்று அனுப்புவதுமில்லை. போய்விட்டு வரும்படிதான் பேச்சு: 'போட்டு வாறன்', 'போட்டு வாங்கோ'. ஆனால் சாகிற ஒருவரை 'வாங்கோ' என்று சொல்லி மறிக்கக்கூடாது என்பது ஜெயனியின் கட்டளை. செந்தூரனும் 'போங்கோ' என்று சொல்லத்தான் நினைத்தான். அழுகையில் நாக்கு பழகிய தடத்தில் ஏறிவிட்டது.

"போட்டு வாங்கோ அப்பு."

மூடிக்கொண்டிருந்த கண் ஒருதரம் திறந்தது. "ஓம், வாறன்," என்றார் சிமியோன். பிறகு மூச்சு இல்லை.

இன்று வெள்ளி. மத்தியானம் இரண்டு மணி. மின்சாரம் நின்று, மெத்தையின் மோட்டரும் ஓய்ந்திருந்தது. கிணற்றடியில் ஜெயனி துணி அலசும் சத்தம், டெட்டோல் வாசம், யன்னலுக்கு வெளியே வேப்பமர நிழல் சுவரில் மெல்ல ஆடுவது. எல்லாவற்றுக்கும் நடுவே மெத்தை ஒரு பெருமூச்சு விட்டது. பள்ளம் நிமிர்ந்தது.

தொப்பென்று ஏதோ தரையில் இறங்கியது.

பிறகு, இரண்டு உள்ளங்கைகள் சீமெந்தில் ஊன்றி ஊன்றி நகரும் சத்தம். அவனுடைய கால்மாட்டில் வந்து நின்றது.

கூப்பிட வாயைத் திறந்தான். அப்போது அவனுடைய பெருவிரலை யாரோ பிடித்தார்கள். அவனுக்கு அது தெரிந்தது! எட்டு மாதத்துக்குப் பிறகு. குளிர். நகம். அழுத்தம். அந்தச் சந்தோஷத்தில் கூப்பிட மறந்துபோனான்.

குளிர் முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு. நெஞ்சுக்கு.

கால்கள் கட்டிலை விட்டு இறங்கின. அவன் அவற்றை இறக்கவில்லை.

வாசலில் ஜெயனியின் கையிலிருந்த வாளி விழுந்தது. "ஆண்டவரே! செந்தூரன், நிக்கிறாயடா!" அழுதாள். சிரித்தாள். "நட தம்பி, நட! இப்பவே அம்மாவுக்கு ஃபோன் எடுக்கிறன்."

"அக்கா, இது நான் இல்—"

அவனுடைய வலது கை எழுந்து வந்தது. தாடையைக் கீழிருந்து தாங்கி, பல்லோடு பல் பொருந்தும்வரை வாயை மூடியது. பிரேதத்துக்குச் செய்கிற பக்குவத்தோடு. ஜெயனி கண்ணீரைத் துடைத்துத் துடைத்து ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். கால்கள் ஆசையாக ஓரடி வைத்தன. இன்னும் ஓரடி.

இடது கை கண்களுக்கு வந்தது. இரண்டு விரல். இமைகளை மெதுவாக, அன்பாக, கீழே இழுத்தது.