தெளிவாகத் தெரிந்தவள்

கண் மருத்துவமனைக்கு அவள் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். உள்ளே தாழ்வாரம் மட்டும் இருண்டு கிடந்தது. மருந்து நெடியும், சொட்டு மருந்து விட்டுக் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களின் மௌனமும் பழையபடியே இருந்தன. கல்யாணத்துக்கு முன்பு இங்கேதான் லேசர் சிகிச்சை செய்துகொண்டாள். சோடாபுட்டிக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தைரியமாகப் பள்ளி வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா.

இத்தனை வருடம் பெரிய தொந்தரவு இல்லை. கண் காய்ந்து உறுத்தும். இருட்டினால் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். இந்த வருடம்தான் தூரம் மங்கத் தொடங்கியது. கடைப் பலகைகள் கரைந்தன. எதிரே வருகிறவர்களின் முகங்கள் அழிந்தன.

அந்த மங்கலுக்குள் ஒருத்தி மட்டும் தெளிவாகத் தெரிந்தாள்.

முதுகைக் காட்டி நின்றாள். அறுவை அறையில் உடுத்தும் பச்சை அங்கி. பின்னால் முடிச்சிட்ட நாடா. கழுத்தில் ஒட்டிய ஈரமுடி இழை இழையாகத் தெரிந்தது.

முதலில் தெருக்கோடியில் நின்றாள். பிறகு பள்ளி வாசலில். போன வாரம் நடுச்சாலையில். வேன் அக்கா பிரேக்கை மிதித்த மிதியில் ஒரு சிறுமியின் உதடு கிழிந்தது. சாலையில் யாருமே இல்லையே என்றார்கள் பிள்ளைகள்.

கணவனிடம் சொன்னாள். கண்ணாடி போட்டால் தன் வண்டவாளமும் தெரிந்துவிடுமே என்று அவன் கேலி செய்தான். சிரித்து முடித்ததும் வேன் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். லேசர் செய்துகொண்ட சிலருக்கு வருடங்கள் போகப் போகக் கிட்டப்பார்வை கொஞ்சம் திரும்பி வரும், கண்ணாடி போதும் என்று சொல்லி, அளவு பார்க்கும் அறைக்கு அனுப்பினார்.

ஜன்னலில்லாத நீண்ட அறை. கோடியில் எழுத்துப் பலகை ஒளிர்ந்தது. பரிசோதிக்கும் பெண் நடுவயதுக்காரி, அவளே தடித்த கண்ணாடி அணிந்திருந்தாள். கனமான சட்டத்தை வேன் அக்காவின் மூக்கில் மாட்டி ஒரு வில்லையைச் செருகினாள்.

"இது தெளிவா இருக்கா?"

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பலகைக்குப் பக்கத்தில் பச்சை அங்கி.

"இல்ல."

வில்லை மாறியது. "இது?"

எழுத்துகள் கொஞ்சம் தெளிந்தன. அங்கிக்காரி கொஞ்சம் மங்கினாள். ஆனால் பாதி அறையைக் கடந்து வந்திருந்தாள், திரும்பாமலே.

"இது?"

இன்னும் மங்கினாள்.

இன்னும் கிட்டே வந்தாள்.

கடைசி வில்லையில் எழுத்துகள் பளிச்சென்று நின்றன. அறை காலி. மூக்குக்கு நேராக மட்டும் முடி கருகுகிற வாடை அடித்தது. அன்று லேசர் கண்ணைத் தொட்டபோது அடித்த அதே வாடை.

பரிசோதிக்கும் பெண் எழுந்து கதவுப் பக்கம் போனாள். வெறும் தரைதான். ஆனால் நாற்காலிக்கு முன்னால் வந்ததும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, யார் மீதோ இடித்துவிடக் கூடாது என்பவள் போல ஒதுங்கிப் போனாள்.

"யாருக்கு ஒதுங்குறீங்க மேடம்?"

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். தானும் இதே இடத்தில்தான் லேசர் செய்துகொண்டதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு இன்னும் முதுகுதான் தெரியுதா?"

வேன் அக்கா தலையசைத்தாள்.

"எனக்குத் திரும்பிட்டாங்க. கண்ணாடியக் கழட்டாதீங்க."

கண்ணாடி வந்தது. சாலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது; எங்கும் அந்தப் பச்சை இல்லை. சாவியும் திரும்பக் கிடைத்தது. குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூட அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. கணவன் கேலி செய்வதை நிறுத்திவிட்டான்.

ஒரு காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. தன் மூச்சுதான் என்று நினைத்து, விரலை உள்ளே விட்டுத் துடைத்தாள்.

போகவில்லை.

ஆவி வெளிப்பக்கம் இருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஆவி மெல்லக் கரைந்தது.

மறுபடி படர்ந்தது.