மூன்றாவது வயர்

மாடிப்படி விளக்குக்குப் புது சுவிட்சை மாட்டிய பிறகு ஒரு வயர் மிச்சமிருந்தது. பழையதில் மூன்று வயர்கள் இருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். கணவன் வாங்கி வந்ததிலோ இரண்டுக்குத்தான் இடம். மூன்றாவதை டேப் சுற்றி உள்ளே திணித்து அவன் ஸ்குரூவை முடுக்கியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பழைய சுவிட்ச் உடைந்ததே, போன ஞாயிறு அவன் அவள் தலையைப் பிடித்து அதில் மோதியதால்தான்.

மணி ஆறுதான். ஆனாலும் காலையிலிருந்து விடாத மழையில் மாடிப்படி முழுக்க இருட்டிக்கிடந்தது. ஊறிய சுவரின் வாடையும், சுரண்டிய சிமெண்டுத் தூளும், அவன் வியர்வை நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறின.

"மெயினைப் போடுடி."

போட்டாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியது. அவன் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை.

"ஒழுங்கா போட்டியா?"

"போட்டேங்க. ஃப்ரிட்ஜ் ஓடுதே."

"எதிர்த்தா பேசுற?"

விட்ட அறையில் காது கொய்யென்றது. ஆறு வயது மகள் பாப்பா ஓசைப்படாமல் சாப்பாட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இதுவரை குழந்தை மேல் அவன் கை வைத்ததில்லை. ஆனால் இந்த வாரம் இரண்டு முறை பெல்ட்டைக் கழற்றி அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான். தன்னை அவன் கொன்றே போட்டாலும் சரி, அடி மேசைக்கடிக்குப் போய்விடக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் பயம்.

பல்பை மாற்றினான். எரியவில்லை. சுவிட்சைத் தட்டினான், மறுபடி தட்டினான், கடைசியில் போட்ட நிலையிலேயே விட்டுவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்தான்.

"பாப்பா. வெளிய வா. நீதானே இதை நோண்டின?"

"அவ தொடவே இல்லைங்க!"

அவளை உதைத்துத் தள்ளிவிட்டு மேசையருகே குனிந்தான்.

மேலே டக்கென்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது.

மாடியில் இன்னொரு சுவிட்ச் உண்டு. கீழே போட்டு மேலே அணைக்கிற ஏற்பாடு. அதற்குத்தான் அந்த மூன்றாவது வயர். கீழே போட்டிருந்தால் இனி விளக்கு மேல் சுவிட்ச் சொன்னபடி கேட்கும், அவ்வளவுதான். ஆனால் மேலே யாருமில்லை. ஒரே அறை, அதுவும் பூட்டிக்கிடக்கிறது.

"எவன்டா மேல?"

சுத்தியலோடு ஏறினான். பதினான்கு படிகள். அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். பன்னிரண்டில் விளக்கு அணைந்தது.

ஏதோ விழுந்தது. பிறகு சுத்தியல் இறங்குகிற சத்தம். சுவரில் விழுகிற சத்தமில்லை அது.

"அம்மா!" என்று அலறினான். அவன் குரல்தான்.

டக். வெளிச்சம். தலைகீழாகப் படியில் கிடந்தான். நெற்றி பிளந்து ரத்தம் படிப்படியாக ஒழுகியது. பின்னால் யாரும் இல்லை. இருந்தும் கால்கள் மேலே இழுபட்டுக்கொண்டிருந்தன.

"கையைக் குடுடி... இனிமே தொட மாட்டேன்... சத்தியமா..."

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு சுவிட்சை அணைத்தாள். கீழே அணைத்துவிட்டால் மேலே யார் தட்டினாலும் எரியாது.

இருட்டு. மறுபடி அந்தச் சத்தம். ஈரமாக. நிதானமாக. ஐயோ, போதும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

நின்றது.

டக்.

விளக்கு எரிந்தது. அவள் விரல் இன்னும் அணைத்த சுவிட்சின் மேல்தான் இருந்தது.

கீழிருந்து நான்காம் படியில் அவன். உயிர் இருந்தது. ஒரு கண் விழித்துப் பார்த்தது. முதல் படியில் சுத்தியல், முடியும் தோலும் ஒட்டியபடி. அதன் பிடி அவர்கள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

விளக்கு அணையவில்லை. காத்திருந்தது.

அவள் அசையவில்லை. பாப்பா மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வந்து, எழுந்து, இரண்டு கைகளாலும் சுத்தியலைத் தூக்கினாள்.