ஸ்டைனாருக்கு விரித்த படுக்கை

கட்டிலில் யாரோ படுத்து எழுந்திருந்தார்கள்.

காலையில் ராக்னாதான் அதை விரித்தாள். செம்மறித்தோல் போர்வையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகி, தலையணையை இரண்டு பக்கமும் தட்டி உப்ப வைத்திருந்தாள். இப்போது கடைசிப் பார்வையாளர்களும் போய்விட்டார்கள், மாலை வருவதற்கு முன்பே ஜன்னல் கறுத்துவிட்டது. மெழுகுவர்த்தியோடு அருகே போனவள் தலையணையின் நடுவில் ஒரு தலை அளவுக்கு விழுந்திருந்த குழியைப் பார்த்தாள். போர்வையில் தோளும் இடுப்பும் அழுந்திய தடம். கைவைத்தாள். லேசான சூடு.

"ஏதாவது குழந்தை ஏறிப் படுத்திருக்கும்," என்றார் ஓட்வார், வாசலில் பூட்ஸ் பனியை உதறியபடி. பகலெல்லாம் அவர் அந்த வீட்டின் குடியானவர், ராக்னா அவர் மனைவி. பார்வையாளர்களுக்காகச் சம்பளத்துக்குப் போடும் வேஷம். நிஜத்தில் அவருக்கு அவள் வயதில் மகள் இருந்தாள்.

"கயிறு கட்டித்தானே வச்சிருந்தோம்?"

"கயிறா? போன வருஷம் ஒரு ஆளு கயித்தைத் தாண்டி வந்து என் கஞ்சியவே குடிச்சிட்டுப் போனான். நல்லாருக்குன்னு வேற சொன்னான், உப்பே போடாத கஞ்சிய."

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்து அவள் சிரிப்பதில்லை.

மார்ச்சில்தான் அவள் கணவன் ஸ்டைனார் ஏரியின் உறைபனி உடைந்து உள்ளே போனான். கோடை முழுக்கப் படகுகள் தேடின. உடல் கிடைக்கவில்லை. அவன் அக்கா கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றை நட்டாள். கல்லுக்கடியில் அவன் இல்லை என்பதால் ராக்னா அங்கே போவதில்லை.

இலையுதிர் காலத்தில் இந்தக் காட்சிக் கிராமத்தில் வேலை கிடைத்தது. மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து பழைய மரவீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய இடம். டிசம்பர் முழுக்க அவள் வந்தவர்களிடம் ஒரே கதையைச் சொன்னாள்: அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வீட்டில் இருந்தவர்களெல்லாம் தரையில் வைக்கோல் பரப்பிப் படுத்துக்கொள்வார்கள், கட்டில்களை இறந்துபோனவர்களுக்கு விட்டுவிடுவார்கள். அன்று ஒருநாள் அவர்கள் வீடு திரும்புவார்கள். மேசையில் கஞ்சியும் பீரும் அப்படியே இருக்கும். அழைக்காத ஆவிகள் நுழையாமலிருக்க வாசல் நிலைக்கு மேலே தாரால் சிலுவை போடுவார்கள். குழந்தைகள் வாய்பிளந்து கேட்டார்கள். சொல்லிச் சொல்லி, அவளுக்கும் அது வெறும் கதையாக இல்லாமல் போனது.

இன்றுதான் அந்த நாள். காலையில் தலையணைக்கடியில் ஸ்டைனாரின் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையை வைத்தாள்.

ஓட்வார் நிலையை அண்ணாந்து பார்த்தார். "இங்க சிலுவை போட்டேனே?"

"காஞ்சு உதிர்ந்திருக்கும்."

"தார் உதிராது பொண்ணே." அவர் பார்வை கட்டிலுக்குப் போய், அவள் விரல் நுனிகளில் இருந்த கறுப்புக் கறைக்கு வந்தது. "வீட்டுக்கு வா. என் சம்சாரம் பன்றி விலா வறுத்து வச்சிருக்கா. இன்னைக்குப் போயி தனியா இருக்காத."

"அண்ணன் வீட்டுக்குப் போறேன். அடுப்ப அணைச்சிட்டுக் கிளம்பிடுவேன்."

"நெசமா?"

"நெசமாத்தான் ஓட்வார். நீங்க கிளம்புங்க, குதிர குளிர்ல நிக்குது."

சறுக்கு வண்டியின் சலங்கை பிர்ச் மரங்களுக்கு இடையே தேய்ந்து மறைந்தது. அவள் அடுப்புத் தணலை அணைத்தாள், மெழுகுவர்த்தியையும் ஊதினாள், கட்டிலை ஒட்டி வைக்கோலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். தரையில் தூவியிருந்த ஜூனிப்பர் இலைகளின் காரமான வாசனையும், அணைந்த திரியின் புகையும், சுவர்க் கட்டைகளுக்கு நடுவே அடைத்திருந்த பாசியின் மக்கிய நெடியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருட்டில் படிந்தன. குளிருக்குக் கட்டைகள் முறுகிச் சத்தமிட்டன. ஐந்து மணிக்கு ஊர்த் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் மணி அடித்தது. வயலைத் தாண்டி வந்த அந்த ஒலி நின்றபோது, அதன் மிச்சம் காதுக்குள் ரீங்கரித்துக்கொண்டிருந்தபோதே, தலைக்குப் பக்கத்தில் கட்டில் பலகை மெல்ல முனகியது.

யாரோ திரும்பிப் படுத்தார்கள்.

"ஸ்டைனார்?"

மூச்சு இருந்தது. நீண்ட, நிதானமான மூச்சு. புளித்த பாலும் அடுப்புக் கரியும் கலந்த ஒரு வாசனை கீழே இறங்கியது. ஏரி நீரின் வாசனைக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. பரவாயில்லை என்று நினைத்தாள். வந்தவரை போதும்.

கட்டில் விளிம்பிலிருந்து ஒரு கை கீழே தொங்கியது. அவள் அதைப் பற்றிக்கொண்டாள்.

காய்ந்த கை. வெதுவெதுப்பான கை. அவள் அழுதாள், சத்தமில்லாமல், கண்ணீர் காதுகளுக்குள் வழிய. "ரொம்பக் குளிருச்சா உனக்கு?" என்று கேட்டாள். "அந்தக் கல்ல நான் பாக்கவே இல்ல. நீ அங்க இல்லன்னு எனக்குத் தெரியும்." கட்டைவிரல் அவள் விரல் முட்டிகளை மெதுவாகத் தடவிக்கொடுத்தது. தோல் மரப்பட்டை மாதிரி சொரசொரத்தது. நகம் நீளமாக இருந்தது. அவன் நகம் இப்படி இருக்காது. இத்தனை மாதத்தில் வளர்ந்திருக்கும். அவளே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் வெளியே காலடி கேட்டது.

பனியை நொறுக்கும் சத்தம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் அறைகிற சத்தம். ஒரு அடி. நிற்கும். இன்னொரு அடி. வாசற்கல்லில் வந்து நின்றது. சொட்டு. சொட்டு. கதவிடுக்கு வழியாகச் சேறும் பாசியும் பச்சைப் பனிக்கட்டியுமாக ஏரியின் வாசனை உள்ளே வந்தது.

"ராக்னா."

தொண்டை முழுக்கத் தண்ணீரோடு பேசும் குரல். ஆனாலும் அவன் குரல். அந்தப் பெயரை அப்படி இழுத்துக் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

"ராக்னா, என் எடத்துல யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். பற்றியிருந்த கை இறுகியது. எலும்பு எலும்போடு உரசியது.

"ரொம்ப தூரம் நடந்து வந்தேன்," என்றது வெளியே. "எனக்கு எடமில்லையா?"

"இருக்கு," என்று கத்த நினைத்தாள். மூச்சுதான் வந்தது. கையை இழுத்தாள். வரவில்லை. காலால் தரையை உதைத்தாள். வைக்கோல் சிதறியது. கதவடியில் நீர் கசிந்து வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அங்கேயே உறையத் தொடங்கியது.

கதவின் கொண்டி மேலே எழவில்லை.

நெடுநேரம். பிறகு ஈரக் காலடி திரும்பியது. ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. ஏரிப் பக்கமாக. அவள் காதைத் தீட்டிக் கேட்டாள், கடைசி அடி வரை, அதற்குப் பிறகும்.

மேலே பலகை முனகியது. யாரோ சுவரோரமாக நகர்ந்தார்கள். செம்மறித்தோல் போர்வை விலகும் சத்தம்.

"குளுருது பாரு," என்றது அவளுக்குத் தெரியாத ஒரு கிழக் குரல், மிகுந்த பரிவோடு. "மேல வா."

இருட்டிலிருந்து இரண்டாவது கை இறங்கி, அவள் தலைமுடியைக் கோதியது.