மிஷின் நின்ற பிறகு

'நகத்தைக் கடிக்காத' என்று செய்தி வந்தபோது அவள் நகத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள்.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மூன்று மணி வெயில். ஜன்னல் சாத்தியிருந்தது, திரையும் இழுத்துவிட்டிருந்தது. சூடேறிய திரைத்துணியின் வாசனையும் தம்பியின் பால் வாசனையும் அறைக்குள் குழைந்து கிடந்தன. ஒன்றரை வயதுத் தம்பி தன் கம்பிக் கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பால் முன்னறையில் அம்மாவின் தையல் மிஷின் கடகடவென்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்கும் வேலை. மிஷினில் உட்கார்ந்துவிட்டால் அம்மாவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

அனுப்பியவன் தன்னை 'அண்ணா' என்று கூப்பிடச் சொல்லியிருந்தான். அண்ணனாம் அண்ணன்! அவள் இருந்த இணைய ஓவியக் குழுவில் நுழைந்து, அவள் வரைந்ததையெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடினான். 'உன் ஓவியங்களைப் பத்திரமாச் சேத்து வச்சுத் தரேன்' என்று முதல் வாரமே அவள் கணக்கின் ரகசியச் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்றாம் வாரம் ஒரு படம் அனுப்பினான். முகம் அவளுடையது. உடம்பு யாருடையதோ. இன்று ஆறு மணிக்குள் வீடியோ அழைப்பில் வராவிட்டால் அது அம்மாவுக்குப் போகும் என்றான். அந்தப் படத்தைப் பார்க்கும் அம்மாவின் முகத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன் கேமராவின் மேல் டேப்பை ஒட்டினாள்.

'டேப் ஒட்டினா எனக்குக் கண்ணு போயிடுமா?'

அலமாரியைத் திறந்தாள். துணிகள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றுமில்லை. மண்டியிட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். தூசி. ஒற்றைக் காலுறை.

போன் அதிர்ந்தது. இந்த முறை ஒரு புகைப்படம். தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு.

அவள் முதுகு. இப்போது. பின்னாலிருந்து.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஓடினாள்.

"அம்மா, ஒருத்தன்... ஒருத்தன் என்னை..."

மிஷின் நின்றது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். போனை நீட்டினாள். அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விழவில்லை. அளவு டேப் தொங்கும் கழுத்தோடு அம்மா அவளைச் சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"இத்தனை நாளா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா சுத்தின? பைத்தியம்! அவன் நாசமாப் போக. தப்பு அவனுது, உன்னுது இல்ல. எதையும் அழிக்காத. தம்பியத் தூக்கிக்கிட்டு இப்பவே போலீசுக்குப் போறோம்."

பல நாள் கழித்து அவளுக்கு முழு மூச்சு வந்தது.

அம்மா அந்தப் புகைப்படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "இதை எங்கேருந்துடி எடுத்தான்?"

படத்தின் அடியில், மங்கலாக, குழந்தைக் கட்டிலின் கம்பி.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. மென்மையான குரல். ஆண் குரல். நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்த அம்மாவின் போனிலிருந்து வந்தது. மிஷின் சத்தத்தில் தம்பி அழுவது கேட்காதென்று, மகளின் பழைய போனை அவன் கட்டிலுக்கு மேல் அம்மாதான் கட்டிவைத்திருந்தாள். அது பார்ப்பதை இங்கே பார்க்கலாம், கேட்கலாம்; இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும். அதில் இருந்த மகளின் கணக்கையே, அவன் ரகசியச் சொல் வாங்கிய அதே கணக்கை, மாற்றாமல் விட்டிருந்தாள். வீட்டுக்குள் இருக்கும் போன்தானே!

திரையில் தம்பி எழுந்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். புது ஆளின் குரல் கேட்டால் வீறிடும் பிள்ளை. அழவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். தினமும் கேட்டுப் பழகிய குரலுக்குச் சிரிக்கும் சிரிப்பு. இத்தனை நாளும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்காலி கவிழ அம்மா எழுந்து ஓடினாள். மகள் அங்கேயே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சமத்துக்குட்டி," என்றது குரல். "அக்கா எங்க ஓடிட்டா? அண்ணாவுக்குக் காட்டு பாப்போம்."

தம்பி கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தான். பிஞ்சு விரலை நீட்டி, அவள் நின்றுகொண்டிருந்த முன்னறைப் பக்கத்துச் சுவரைக் காட்டினான்.