சிவக்காத காதுக்கு வேலை உண்டு

சென்னியப்பனின் இடது காது மறுபடியும் சிவந்துவிட்டது. காந்திபுரம் பதிவுக்கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கே தெரியும் அளவுக்குச் சிவந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஒரு நல்ல பம்ப் பொறியாளர்."

காதுமடலைக் கவ்வியிருந்த நாணமானி சலித்துக்கொள்வதுபோல ஒரு சத்தம் போட்டது. திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

"வேற மாதிரி சொல்லிப் பாருங்க சார்," என்றாள் பதிவுக்கூடப் பெண்.

"ஏதோ சுமாரா வேலை தெரியும்னு போட்டுக்கலாங்களா?"

"அதுக்குப் பச்சை விழும். ஆனா யாரு கூப்பிடுவாங்க?"

நாணமானி வந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. உலகத்தின் வேலையெல்லாம் பணிமுற்றம் என்கிற வலைத்தளத்தில்தான் கைமாறிற்று. அங்கே தன்னைப் பற்றிச் சொல்லும் முகப்புப் பக்கம் வைத்திருந்த எல்லோருமே ஒரு காலத்தில் தொலைநோக்குத் தலைவர்களாகவும் மாற்றத்தின் சிற்பிகளாகவும் இருந்தார்கள். ஒரு பெரிய ஆலையில் தீப்பிடித்தபோது தொலைநோக்குத் தலைவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வால்வைத் திறக்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. தீயை அணைத்தவர் எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர்.

அதன் பிறகு ஒரு குளிர்நாட்டு விஞ்ஞானி யோசித்தார். பொய் சொன்னால் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் காதுக்கு ரத்தம் ஏறும், ஆகவே காதைக் கேட்டால் போதும் என்றார். அன்றிலிருந்து முகப்பின் ஒவ்வொரு வரியையும் உரியவர் நாணமானியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காது குளிர்ந்திருந்தால் பச்சை. ஆள்தேடி இயந்திரங்கள் சிவப்பு வரிகளை மதிப்பதே இல்லை.

விஞ்ஞானிக்குக் கோயம்புத்தூரைத் தெரியாது. இந்தப் பக்கத்தில் பெண் மாநிலத்தில் முதலாவதாக வந்தால் அப்பன் "ஏதோ பாஸ் பண்ணீட்டா" என்பான். மாடி மேல் மாடி வைத்தவன் "ஒதுங்கறதுக்கு ஒரு எடம்" என்பான். பசியோடு வாசலில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிட்டால் "இப்பத்தானுங் ஆச்சு" என்பான். தன்னைப் பற்றிய நல்ல விஷயம், அது உண்மையாகவே இருந்தாலும், தன் வாயால் வரும்போது இங்கே காது சிவந்துவிடும். இயந்திரத்துக்கு இந்தச் சிவப்பும் அந்தச் சிவப்பும் ஒன்றுதான்.

விதிவிலக்கும் உண்டு. சென்னியப்பனின் மைத்துனன் லோகுவின் முகப்பு பச்சைத் தோட்டமாக இருந்தது.

"மூன்று கண்டங்களுக்கு நீர் வழங்கினேன்னு சொன்னேன் மச்சான். காது ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"மூணு கண்டத்துக்கு வாஷர் பார்சல் கட்டுனான்," என்றாள் அவன் அக்கா சுலோசனா, சட்னியைத் தாளித்தபடி. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "அவனை மாதிரி ஆக வேண்டாமுங்க. அவன்ல கால்வாசி ஆனாப் போதும். நெலா வேலை கைவிட்டுப் போயிருமுங்க."

நிலா வேலை என்பது நிலவின் தென்முனையில் பனியை உருக்கிக் குடியிருப்புக்கு ஏற்றும் நீரேற்றகத்தின் தலைமைப் பொறியாளர் பதவி. ஒரே ஒரு இடம். கோவை மோட்டார் இல்லாமல் நிலவில் தண்ணீர் ஏறாது என்பதால் ஆளையும் இங்கேயே தேடினார்கள். சென்னியப்பன் வேலை பார்த்த பம்ப் கம்பெனி மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதே கம்பெனியில் பக்கத்து மேசையில் இருந்த ரஞ்சிதமும் அந்த இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். எந்த பம்பாக இருந்தாலும், கசிவை அடைக்கும் சீல் என்கிற வளையத்தை நிலவுத் தூசி ஒரே வாரத்தில் அரித்துத் தின்றுவிடும். தூசியால் தின்ன முடியாத ஒரு சீல் செய்தவள் அவள். முதல் சீல் வளையத்தை அவள் பொருத்திய அன்று கரண்ட் போய்விட்டது. சென்னியப்பன் டார்ச் பிடித்தார். நன்றாகவே பிடித்தார்.

கிராஸ்கட் ரோட்டில் மாடிக்கடை வைத்திருந்த பிலோமினா, முகப்பு மெருகாளர். வந்தவரின் வரிகளைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள்.

"வரிங்க நல்லாருக்கு. காதுதான் சரியில்ல."

காதுக்குப் பின்னால் ஒட்டும் குளிர்பொட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெட்கத்தைக் காதுக்குக் கொண்டுபோகும் நரம்பை அது உறங்கவைக்கும்.

"வெட்கம் வராதுங்களா?"

"வரும், பின்னாடியே நிக்கும். பொட்டு தானா உதுந்தப்புறம் உள்ள வரும். அதுக்குள்ள நீங்க நெலாவுல இருப்பீங்க சார், என்ன பண்ணீரும்?"

பொட்டோடு பதிவுக்கூடத்தில் உட்கார்ந்த சென்னியப்பன் முதலில் உண்மையைத்தான் சொன்னார். நல்ல பொறியாளர், பச்சை. அனுபவசாலி, பச்சை. பல வருடமாகத் தொண்டையிலேயே நின்றிருந்த வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. அந்த சுகத்தில் கொஞ்சம் முன்னால் போனார். மிகச்சிறந்த பொறியாளர், பச்சை. இன்னும் கொஞ்சம் போனார்.

"நிலவுத் தூசி புகாத சீல் வடிவமைத்தவன் நான்."

பச்சை. காது மார்கழிக் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து ஆள்தேடிகள் வரிசையில் நின்று கூப்பிட்டன. அதே மறுநாள் ரஞ்சிதம் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சென்னியண்ணா, சீல் வரியை நானும் சொல்லியிருந்தேனுங்க. காது சிவந்துருச்சு. நீங்க சொன்னதுக்குப் பச்சையாம். ஒரே பொருளுக்கு ரெண்டு பேரு சொந்தம் சொன்னா சிவந்தவங்க சொன்னது பொய்யாம். என் முகப்பை அடிவண்டலுக்குத் தள்ளீட்டாங்க."

அடிவண்டல் என்பது பணிமுற்றத்தில் ஆள்தேடிகள் எட்டிப் பார்க்காத இடம்.

"அப்படியா," என்றார் சென்னியப்பன். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்போது ஏதோ ஒன்று வர வேண்டும் என்று தெரிந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். வரவில்லை.

"அப்படியாவா? டார்ச் புடிச்சவரு நீங்க."

"டார்ச்சு முக்கியம்ல அம்மிணி."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள். போய்விட்டாள். சுலோசனா அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை. அன்று ராத்திரி தட்டு வைத்த சத்தத்தில் சென்னியப்பன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். புரிந்ததே தவிர உறைக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று காதைக் கசக்கிப் பார்த்தார். கசக்கிய இடம் மட்டும் சிவந்தது.

இதற்கிடையில் நிலவில் ஒரு விபத்து. நீரேற்றகத்தில் யாரோ ஒரு வால்வை மூடாமல் தூங்கப் போய்விட்டார்கள். தண்ணீர் வெளியே பாய்ந்து அப்படியே உறைந்து, கீரைக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு குன்று எழும்பிவிட்டது. அங்கே இருந்த அத்தனை பேரும் பச்சை முகப்புக்காரர்கள். "யார் திறந்து வைத்தது?" என்று கேட்டதற்கு ஒருவரை ஒருவர் காட்டினார்கள். காட்டியபோது ஒரு காதும் சிவக்கவில்லை. வால்வு யாருடையது என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது? குன்றில் இப்போது குடியிருப்புப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

நீரேற்றகக் கம்பெனி ஒரே நாளில் விதியைத் திருப்பிப் போட்டது. இனிமேல் சிவக்கிற காதுதான் வேண்டும். அடிவண்டலைக் கலக்கி, வரிக்கு வரி சிவந்த முகப்புகளை மேலே எடுத்தார்கள்.

விதி மாறுவதற்கு முன்பே வந்திருந்த அழைப்பை வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கு அவினாசி ரோட்டு அலுவலகத்தில் சென்னியப்பன் காத்திருந்தபோது எதிர் நாற்காலியில் ரஞ்சிதம் இருந்தாள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். திரும்பி வரும்போது இரண்டு காதும் பழுத்த மிளகாயாக இருந்தன. உள்ளே அவளைப் பாராட்டியிருக்க வேண்டும்.

அவர் முறை வந்தது. தேர்வு அதிகாரி நாணமானியை மாட்டிவிட்டுக் கேட்டார்: "நீங்க வெட்கப்படற மாதிரி ஒரு காரியம் பண்ணியிருந்தாச் சொல்லுங்க."

சென்னியப்பன் யோசித்தார். உறைக்காவிட்டாலும் கணக்கு அவருக்குத் தெரியும். தன் மனம் வேலை செய்யவில்லை என்றால் புத்தியை வைத்தாவது சரியானதைச் செய்துவிடலாம் என்று நினைத்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"அந்த சீல் என்னோடது இல்லைங்க. ரஞ்சிதத்தோடது. நான் திருடீட்டேன்."

காது குளிர்ந்தே இருந்தது. நாணமானியில் பச்சை.

அதிகாரி புன்னகைத்தார். "வெட்கமே இல்லாம வெட்கத்தைச் சொல்றீங்க. இது பொய்."

"நெசமுங்க!"

"சக ஊழியருக்காக விட்டுக்கொடுக்கறீங்க, பெரிய மனசு. ஆனா பொய் ஒப்புதலை நாங்க ஏத்துக்க முடியாது. சீல் உங்க பேர்லயே இருக்கும். வேலை அவங்களுக்கு."

சென்னியப்பன் வெளியே வந்து பஸ் ஏறினார். லட்சுமி மில்ஸ் தாண்டும்போது பொட்டு உதிர்ந்து சட்டைக் காலருக்குள் விழுந்தது. பின்னாலேயே நின்றிருந்த அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே வந்தது. மிகச்சிறந்த பொறியாளர் என்று சொன்னது, டார்ச்சு முக்கியம் என்று சொன்னது, அவள் உட்காராமல் நின்றது, சுலோசனா வைத்த தட்டு. கம்பியைப் பிடித்தபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து நெஞ்சு என்று சூடு இறங்கியது. பக்கத்து ஆள் "காய்ச்சலுங்களா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி பதிவுக்கூடத்துக்கு ஓடினார். அதற்குள் கதை மாறியிருந்தது. பிலோமினா கடை வாசலில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. குளிர்பொட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் செம்பொட்டு விற்க ஆரம்பித்திருந்தாள். ஒட்டினால் காது நாள் முழுக்கச் சிவந்திருக்கும். வரிசையின் முன்னால் லோகு இரண்டு காதும் தக்காளியாக நின்று, "எனக்கு ரொம்பக் கூச்சம் மச்சான், தெரியுமா?" என்றான். பதிவுக்கூடத்திலோ, சிவப்பெல்லாம் கடைச்சரக்கு ஆகிவிட்டதால் எந்தக் காதையும் ஏற்பதில்லை, பழைய வரிகள் இருந்தபடியே இருக்கும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

சென்னியப்பன் சிங்காநல்லூருக்குப் போனார். ரஞ்சிதம் நிலவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சிதம், சீல் உன்னோடது. நான் டார்ச் புடிச்சேன், அவ்வளவுதான். அன்னிக்கு நீ வந்து நின்னப்போ நான் பேசுன பேச்சு..." காது வலிக்கிற அளவுக்குச் சிவந்திருந்தது.

அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒரு மரியாதை இருந்தது.

"நல்லாப் பண்ணியிருக்காங்கண்ணா. எந்தக் கடைல ஒட்டுனீங்க?"

அவர் இரண்டு காதையும் மடக்கிக் காட்டினார். பின்னால் ஒன்றும் இல்லை.

"இப்பெல்லாம் உள்ளயே வெச்சுத் தெச்சுர்றாங்களாமே," என்றாள். பிறகு, வீடு தேடி வந்தவரை அப்படியே அனுப்பக் கூடாது என்பதற்காக, "ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்க," என்றாள்.

காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"இப்பத்தானுங் ஆச்சு," என்றார் சென்னியப்பன்.

அது பொய். காது ஏற்கெனவே சிவந்திருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.