அதே விரிசல்

கூடத்துச் சுவரில் ஒரே விரிசல் இரண்டு இடங்களில் இருந்தது.

ஒரே மாதிரியான விரிசல்கள் அல்ல. அதே விரிசல். ஒரு சாண் நீளத்துக்கு நேராக இறங்கி, இடப்பக்கம் வளைந்து, நுனியில் மீன்முள்போல மூன்றாகப் பிரிந்தது. ஒன்று சன்னலுக்குப் பக்கத்தில். இன்னொன்று நாலடி தள்ளி, தோள் உயரத்தில். அவள் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டுக்கும் பக்கத்தில் பெயிண்ட் ஒரே அளவில், ஒரே இடத்தில் உப்பியிருந்தது.

சுவருக்கும் இரட்டைப் பிள்ளை பிறக்கும்போல, என்று நினைத்துக்கொண்டு பையை இறக்கி வைத்தாள்.

வீடுகளை அழகாக்கிப் படம் எடுப்பது அவள் பிழைப்பு. வாடகைக்கோ விலைக்கோ போகிற வீட்டில் ஒரு பகல் முழுக்க இருப்பாள். இருப்பதை ஒதுக்கி, இல்லாததை வைத்து, வெளிச்சம் பார்த்துப் படம் பிடிப்பாள். இந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். கீழ்த்தளத்தில் அலுவலகம் வைத்திருக்கும் தரகர் சாவியைக் கொடுத்து, "சின்ன வீடுதான் மேடம், பெருசா காட்டுங்க" என்றார். எல்லாரும் சொல்வது அதுதான். மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. வெளியே போக ஒரே கதவு.

மணி பதினொன்று. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். போன வாரம் ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதமாகிவிட்டது. வாசலில் காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மகள் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. "நீ வரமாட்டேன்னு நினைச்சேம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் காலையில் சத்தியம் கேட்டுக் கையை நீட்டுகிறாள். இன்றும் அந்தச் சின்ன உள்ளங்கையில் வலது கையால் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள்.

வேலையைத் தொடங்குமுன் நோட்டை எடுத்துக் கையெட்டும் தூரத்தில் விரித்துவைப்பது வழக்கம். பத்திரிகைகளில் இருந்து பல வருடங்களாக வெட்டி ஒட்டிய அறைகள். எந்த வீட்டில் கை ஓடாமல் நின்றாலும் இதில் ஏதோ ஓர் அறை யோசனை சொல்லும். முதல் பக்கத்துப் படம்தான் அவளை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது. வெள்ளைச் சுவர்கள். வெள்ளை வெளிச்சம் நிறைந்த ஒரு சன்னல். ஒரு மர நாற்காலி. அவ்வளவுதான். ஓர் ஆணி, ஒரு ஒயர், ஒரு சுவிட்சுகூட இல்லை. கதவும் இல்லை. இந்த அறைக்குள் எப்படிப் போவார்கள் என்று பதினெட்டு வயதில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எப்படி வெளியே வருவார்கள் என்று யோசித்ததில்லை.

கூடத்தைக் காலி செய்தாள். பழைய காலண்டர், ஓடாத கடிகாரம், மாத்திரை டப்பாக்கள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, எல்லாம் குளியலறைக்குப் போயின. ஒரு மர நாற்காலியை மட்டும் சன்னலோரம் நிறுத்தி, அதன் கால்கள் நகராமல் இருக்கத் தரையில் டேப் ஒட்டினாள். மூலையில் ட்ரைபாட், அதன்மேல் கேமரா. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேமரா தானே ஒரு படம் எடுக்கும்படி வைத்தாள். வெளிச்சம் நகர்வதைத் தவறவிடாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது. எடுத்த படம் அந்த நொடியே நாத்தனாரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

நாத்தனார் ஆறு தெரு தள்ளி, தன் வீட்டில் இருந்தபடி படங்களைத் துடைத்துக் கொடுப்பவள். முன்பு வேலை பார்த்த ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

முதல் படம் போன ஐந்தாவது நிமிடம் போன் வந்தது.

"அண்ணி, அது என்ன சுவிட்சு போர்டு, பல்லு போன வாய் மாதிரி? துடைச்சுட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"ரப்பர்னு சும்மாவா பேரு வச்சாங்க? விட்டா எங்க அண்ணனையே துடைச்சிருப்பேன்."

"அதை முதல்ல செய். புண்ணியமாப் போகும்."

ரப்பர் சிரித்தாள். துடைப்பது என்றால் பக்கத்துச் சுவரில் ஒரு துண்டை எடுத்து மேலே ஒட்டுவது. அவசரக்காரி. எப்போதும் ஒரே துண்டையே எடுத்து ஒட்டுவாள்.

"ஒரே கறையை நாலு இடத்துல ஒட்டி வைக்காதே. பார்க்கிறவனுக்குக் கண்ணு இல்லையா? பழைய படம் இருக்குல்ல?"

"அதும்மேலயே சேவ் பண்ணிட்டேன் அண்ணி. இடமில்ல."

"எத்தனை தடவைடி சொல்றது உனக்கு!"

"அடுத்த தடவை, அடுத்த தடவை."

போனை வைத்துவிட்டு மின்விசிறியை நிறுத்தப் போனாள். திரைச்சீலை ஆடிக்கொண்டே இருந்தால் படத்தில் கலங்கும். கை பழக்கத்தில் சுவருக்குப் போனது. சுவர் வழவழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே தடவினாள். கீழே தடவினாள். காலையில் இதே இடத்தில்தான் தட்டிப் போட்டாள். கட்டைவிரலில் சுவிட்சின் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போர்டு இருந்த இடத்தில் ஒரு விரிசல். நேராக இறங்கி, இடப்பக்கம் வளைந்து, மூன்றாகப் பிரிந்தது.

புது வீட்டில் சுவிட்சு எங்கே என்று தடுமாறுவது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சமையலறையில் தேடினாள். படுக்கையறையில் தேடினாள். தலைக்குமேல் மின்விசிறி அதே வேகத்தில், நிறுத்த ஆளில்லாமல், க்ளக் க்ளக் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கொண்டுவந்திருந்த ரொட்டியை மதியம் தின்றாள். கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த சத்தமும், எதிர்க் கட்டடத்தில் மாவு மில்லோ ஏதோ ஓடும் இரைச்சலும், ஒரு நாய் விட்டு விட்டுக் குரைப்பதும் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பது ஆறுதலாக இருந்தது.

பிறகு அவை நின்றன.

ஒவ்வொன்றாக அல்ல. குரைப்பின் பாதியில்.

சன்னல் வெள்ளையாக இருந்தது. வெயில் அல்ல. எதிர்க் கட்டடம் இல்லை, அதன் சுவரில் இறங்கும் குழாய் இல்லை, வானம் இல்லை. காகிதத்தின் வெள்ளை. கொக்கியைத் தேடினாள். கொக்கி இல்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை.

போனில் செய்தி வந்திருந்தது. *சன்னலுக்கு வெளியே ஒரே அசிங்கம் அண்ணி. வெள்ளையாக்கிட்டேன். எப்படி?*

அவள் நோட்டைப் பார்த்தாள். முதல் பக்கம். வெள்ளைச் சன்னல். மர நாற்காலி. இத்தனை வருடம் பார்த்த படம்தான். இப்போது குனிந்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சுவரில் மெல்லிய கோடுகள். தூசி என்று நினைத்திருந்தவை. எண்ணினாள். ஐந்து. ஐந்தும் மூன்றாகப் பிரிந்தன.

நாலு தோள் உயரத்தில் இருந்தன. ஒன்று மட்டும் தாழ்வாக, ஒரு குழந்தையின் தோள் உயரத்தில்.

மூலையில் கேமரா க்ளிக் என்றது.

பையை எடுக்கவில்லை. நோட்டை எடுக்கவில்லை. போனும் கையுமாக வாசலுக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் ஏதோ உறுதியாகிவிடும் என்று தோன்றியது. பத்து எட்டுதான். கதவு தெரிந்தது. பழுப்புக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள். கையை நீட்டினாள். பித்தளை விரல்நுனியில் பட்டது.

பிறகு சுவர் பட்டது.

போன் அடித்தது.

"அண்ணி, கதவு ஓரமாப் பாதி தெரிஞ்சுது. நல்லாவே இல்ல. சுவராக்கிட்டேன். உங்க கைகூட நடுவுல வந்துச்சு. அதை விட்டுட்டேன், பயப்படாதீங்க."

"திருப்பி வை."

"எதை?"

"கதவை! திருப்பி வைடி!"

"என்ன அண்ணி, இப்படிக் கத்தறீங்க? பழசு இல்லையே. அதும்மேலயே சேவ்..."

அவள் போனைத் துண்டித்துத் தரகரை அழைத்தாள். கதவு திறக்க வரவில்லை, மேலே வாருங்கள் என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். அவர் படியேறும் மூச்சிரைப்பு போனில் கேட்டது. இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி. அவள் சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"மேடம், எந்தக் கட்டடத்துல இருக்கீங்க?"

"நீங்க சாவி கொடுத்த வீட்டுலதான்."

"நான் சாவி கொடுத்தேனா? இங்க மூணாவது மாடியில வீடே இல்லையே. சுவர்தான் இருக்கு. ஏதோ விரிசல் விட்டிருக்கு." அவர் சுவரைத் தட்டும் சத்தம் போனில் கேட்டது. "யார் பேசறீங்க?"

மணி இரண்டே முக்கால்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கேமராவை நிறுத்திவிடலாம் என்று கை போனது. பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். கதவு போனது அந்த வழியாக. வருவதானால் அந்த வழியாகத்தான் வரவேண்டும். ரப்பரை அழைத்தாள்.

"இப்போ சொல்றதைக் கேளு. காரணம் கேட்காதே. கூடத்துப் படத்துல படுக்கையறைக் கதவு தெரியுது பாரு. அதைக் காப்பி பண்ணி, வாசல் கதவு இருந்த இடத்துல ஒட்டு."

"உங்களுக்கு என்ன ஆச்சு? மூச்சு வாங்குது."

"பாப்பாவைக் கூப்பிடப் போகணும். ஒட்டுடி."

"பாப்பாவைக் கூப்பிட எதுக்கு அண்ணி படத்துல கதவு?" ரப்பர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "சரி. ஒட்டறேன். லைன்லயே இருங்க."

மவுஸின் சத்தம் போனில் கேட்டது. டிக். டிக். மின்விசிறி க்ளக் என்றது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டினாள். சுவரில் கதவு இருந்தது. நீலக் கதவு. படுக்கையறைக் கதவு. மேல் மூலையில் பெயிண்ட் அதே இடத்தில் உரிந்திருந்தது.

கைப்பிடி திரும்பியது.

வெளியே படிக்கட்டு இல்லை. படுக்கையறை இருந்தது. அதே கட்டில். அதே விரிப்பு, காலையில் அவள் மடித்த அதே மடிப்பு. காப்பியடித்த கதவு, காப்பியடித்த இடத்துக்குத்தான் திறக்கும். இது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கட்டிலுக்கு அப்பால் அந்த அறையின் சொந்தக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாகக் கூடம் தெரிந்தது. மர நாற்காலி. வெள்ளைச் சன்னல். கூடத்தின் அந்தக் கோடியில், ஒரு நீலக் கதவைத் திறந்து பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள்.

சாம்பல் நிறச் சட்டை. காலையில் அவசரத்தில் பென்சில் செருகி முடிந்த கொண்டை. காதில் போன்.

அவள் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பென்சில் இருந்தது.

அந்தப் பெண்ணின் கை அசையவில்லை.

பின்னால் கேமரா க்ளிக் என்றது.

"அண்ணி," ரப்பர் சொன்னாள். "இப்போ வந்த படத்துல நீங்க ரெண்டு இருக்கீங்க."

அவள் கைப்பிடியை விடவில்லை.

"ஒண்ணு கதவுகிட்ட. ஒண்ணு கதவுக்குள்ள, தூரத்துல. கேமராவுல ஏதோ கோளாறு. வீட்டுக்காரர் பார்த்தா சிரிப்பார். ஒண்ணை எடுத்துடறேன்."

"வேண்டாம்." வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

"எதை அண்ணி எடுக்க?"

"எதையும்..."

அதற்குள் போனில் ஒரு குரல் பதில் சொன்னது. நிதானமான குரல். அவசரமான நாளிலும் நடுங்காமல் பேசும் குரல். அவளுடைய குரல்.

"கதவுகிட்ட நிக்கிறதை எடுத்துடு. நான் பாப்பாவைக் கூப்பிடப் போகணும்."

"சரி அண்ணி."

தூரத்தில் அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரும்பவில்லை. முன்னால் ஓர் எட்டு வைத்தாள். தெருவின் சத்தம் வந்தது. குரைப்பின் மீதிப் பாதி.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டிக்.

அவள் ஓடப் பார்த்தாள். பாதம் தரையை விட்டு வரவில்லை. குனிந்தாள். முழங்காலுக்குக் கீழே சுவர் இருந்தது. வெள்ளையாக. வழவழவென்று.

டிக்.

வலி இல்லை. பெயிண்ட் வாசம் மட்டும்.

டிக்.

மணி மூன்று இருபது. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். காலையில் மகளின் கையில் அடித்துக் கொடுத்த உள்ளங்கை. ரேகைகள் ஒவ்வொன்றாக வெளுத்துப் போயின. ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. விரலடியில் இருந்து நேராக இறங்கியது. இடப்பக்கம் வளைந்தது. நுனியில், மெதுவாக, மூன்றாகப் பிரிந்தது.