பன்னிரண்டு பாட்டு, ஒரு கடத்தல்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் பூட்டைத் திறக்கும்போதே ஏனோக்குக்கு ஃபோன் அலறுவது கேட்டது. பங்காருபேட்டையில் கல்யாண பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, மதிய ரயிலில் திரும்பியிருந்தான். மனைவி ரத்தினம்மாவைக் காணோம். ஏப்பத்தோடு ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ..."

"ஏனோக்! உன் ஹார்ட் டிஸ்க்கைக் கடத்திட்டேன்!"

கைக்குட்டை போர்த்திய குரல்!

"யாருய்யா நீ? ராங் நம்பரு..."

"போய் உன் கம்ப்யூட்டரைப் பாரு!"

முன்னறைதான் அவனுடைய ரெக்கார்டிங் ஸ்டுடியோ. எதிரொலி அடங்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. மேஜை மேல் ஆம்ப்ளிஃபயர், அதன் மேல் கம்ப்யூட்டர் கேபினட்...

மூடி திறந்து கிடந்தது!

டிஸ்க் இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்கியது.

"ஐயோ!"

அலறாமல் என்ன செய்வான்? பாக்கியவதி பாடிய பன்னிரண்டு கிறிஸ்துமஸ் பாட்டும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. நாளைக் காலை பெங்களூர் கேசட் கம்பெனியில் ஒப்படைத்தாக வேண்டும். மறுபடி பாட வைக்கலாமென்றால், பாக்கியவதி நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய் மூன்று நாளாகிறது. வேறு காப்பி? ஒன்றுகூட இல்லை! ஏனோக்கின் பேர் போட்டு வரப்போகிற முதல் கேசட் அது.

ரிசீவரைப் பாய்ந்து எடுத்தான்.

"டேய்... இன்னாடா வேணும் உனக்கு?"

"மூணு கண்டிஷன். எழுதிக்கோ!"

"சொல்லித் தொலை!"

"ஒண்ணு... விண்டோஸும் பாட்டும் ஒரே டிஸ்க்ல கூடாது. பாட்டுக்குத் தனி டிஸ்க் வாங்கணும். நிமிஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுத்து சுத்தறது!"

"இன்னாது?"

"ரெண்டு... ஆம்ப்ளிஃபயர் சூட்டு மேல கம்ப்யூட்டரை வெக்கக் கூடாது. உள்ள காத்தாடி போடணும். மூணு... தினம் ரெக்கார்டிங் முடிஞ்சதும் இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டுதான் சாப்பிடவே போகணும்!"

ஏனோக் ரிசீவரையே ஒரு விநாடி முறைத்தான்.

"யோவ்... நீ கடத்தல்காரனா, சர்வீஸ் என்ஜினியரா?"

"ஒத்துக்கிறியா இல்லியா?"

"எங்கேருந்து பேசற, மொதல்ல அதைச் சொல்லு!"

"பெங்களூரு... மெஜஸ்டிக்! உன்னால என்னைப் புடிக்கவே முடியாது! ஹா... ஹா... ஹா..."

அப்போதுதான்...

தடால்!

தரைக்கு அடியிலிருந்து யாரோ உதைத்த மாதிரி வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. சுரங்கத்தின் ஆழத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது.

ஃபோனில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஐயையோ... எந்த ஷாஃப்ட்?" என்றது குரல்.

"தெரிலப்பா... சைரன் ஊதுதா பாரு..." என்று ஏனோக்கும் வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டான்.

பிறகுதான் உறைத்தது!

மெஜஸ்டிக்கில் நிற்கிறவனுக்கு இங்கே பூமி குலுங்கியது எப்படித் தெரியும்? குலுங்கிய மறு விநாடியே எந்தச் சுரங்க ஷாஃப்ட் என்று கேட்பவன் இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு யார்?

ரிசீவரை வீசிவிட்டு வெளியே ஓடினான்.

லைன் முழுக்க ஜனம் தெருவில் நின்றிருந்தது. வெடி கேட்டால் வெளியே வந்து சைரனுக்குக் காது கொடுப்பது இந்த ஊர் வழக்கம். விபத்தென்றால் அலறும் சைரன் ஊதவில்லை.

"ஆளு இல்லாத பழைய சுரங்க லெவல்தான். ஒண்ணும் பயமில்ல, போங்க!" என்றார் யாரோ ஒருவர்.

எதிர்ப்பக்கம் எஸ்.டி.டி. பூத். அதன் வாசலில், ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு, காதில் ரிசீவரோடு சைரனுக்குக் காத்து நின்றிருந்தான் ஒருவன்.

ஜெயகரன்! ஏனோக்கின் ஸ்டுடியோவில் கீபோர்டு வாசிப்பவன்!

ஏனோக் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தான்.

"மெஜஸ்டிக் ரொம்பக் கிட்ட வந்துட்ச்சேடா! டிஸ்க்கு எங்க?"

"அடிக்காதண்ணா! ராபர்ட்சன்பேட்டையில, மஞ்சுநாத் கம்ப்யூட்டர் கடையில கீது!"

"விக்கப் பாத்தியா?"

"காப்பாத்தப் பாத்தேண்ணா! ஒரு வாரமா டக்... டக்னு அடிச்சிகினு இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா, 'தாளத்துக்கு கரெக்டாத்தான்டா கீது'ன்ன! கேபினட்டைத் தொட்டா கையை ஒடிப்பேன்ன!"

சொன்னது வாஸ்தவம்தான். ஏனோக் காலரை விட்டான்.

"ஏறு ஆட்டோவுல!"

மஞ்சுநாத் கன்னடக்காரன். கடை மேஜையில் அந்த டிஸ்க் சத்தமில்லாமல் கிடந்தது.

"என் பாட்டு?"

"குரு... கொஞ்சம் முன்னாடி பூமி குலுங்கிச்சல்லா? கர்ருனு ஒரு சத்தம்... அஷ்டே, அவ்வளவுதான்! டிஸ்க் செத்துப் போச்சு."

ஏனோக் நாற்காலியில் சரிந்தான்.

"அட, அழ வேணாம் குரு! அதுக்குப் பத்து நிமிஷம் முந்தியே காப்பி முடிஞ்சிருச்சு! பன்னெண்டும் இந்தப் புது டிஸ்க்ல பத்திரமா இருக்கு!"

மஞ்சுநாத் மௌஸைத் தட்டினான். பாக்கியவதியின் குரல் பிசிறில்லாமல் கடையை நிறைத்தது. ஏனோக் வெட்கம் பார்க்காமல் அழுதான். ஜெயகரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

திடீரென்று விலகினான்.

"ஆமா... வீட்டுப் பூட்டு உடையலியே? சாவி ஏதுடா உனக்கு?"

ஜெயகரன் மெல்ல உள்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கடையின் உள்ரூம் கதவு திறந்தது. டீ கிளாஸோடு வெளியே வந்தாள்...

ரத்தினம்மா!

"நான்தான் குடுத்தேன். கண்டிஷன் மூணும் மஞ்சுநாத் சொல்லி நான் எழுதினதுதான். நல்ல வார்த்தையா சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

"அதுக்காக... கட்டின புருஷன் டிஸ்க்கைக் கடத்துவியாடி?"

"ஜெயகரன் உங்களைத்தான் கடத்தலாம்னான்..." ரத்தினம்மா டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"யாரு திருப்பிக் கேக்கப் போறாங்கன்னு நான்தான் வேணாம்னுட்டேன்!"